நாளைய பல்கலைக்கழகத்தின் அணியை இன்றே அறிந்துகொள்வோம்

ஆண்டுதோறும் மார்கழி மாதம் பிறந்ததும் எம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். மெல்பேணில் வீ.சி.ஈ. பெறுபேறு, சிட்னியில் எச்.எஸ்.சி. பெறுபேறு. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம், எத்தனை புள்ளி என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தவுடன் பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர். ஆனால் பிள்ளை அங்கு சென்றபின் யாருடன் அமர்ந்து உண்பான், யாருடன் பேசுவாள் என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. டண்டினோங்கிலிருந்தோ வென்ற்வேத்விலிலிருந்தோ ரயிலேறி, விரிவுரையைக் கேட்டு, அடுத்த ரயிலில் வீடு திரும்பி, மூன்று ஆண்டுகளில் ஒரு நண்பரைத்தானும் தேடிக்கொள்ளாமல் பட்டத்துடன் வெளியேறிய பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர். பட்டம் கிடைத்தது, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றுதான் இதனைச் சொல்ல வேண்டும்.

இக்குறையைத் தீர்க்கும் வழிகள் பல. அவற்றுள் எளியதும் செலவு குறைந்ததுமான ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. பிள்ளை சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியை முன்கூட்டியே அறிந்து, அதன் வரலாற்றையும் விதிகளையும் கற்று, விபரமறிந்த ஓர் ஆதரவாளராக அங்கு காலடி வைப்பதே அது.

இது எமக்குப் புதிதன்று

"படிக்கப் போகும் பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் சற்று யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கட்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம் 1904ஆம் ஆண்டு தொடங்கியது. இடையிடையே தடைப்பட்ட போதிலும், 'வடக்கின் பெருஞ்சமர்' என்ற பெயருடன் அது இன்றும் நடைபெறுகின்றது. சென். பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் 'பொன் அணிகளின் சமர்' 1917இல் ஆரம்பமானது. இப்போட்டிகளில் மட்டையைத் தொட்டவர் இருபத்திரண்டு பேர் மட்டுமே. ஆனால் அவற்றைத் தம்முடையதாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

வகுப்பில் வரலாற்றுப் பாடத்தின் ஆண்டுகளை மறந்துவிடும் மாணவர், பெருஞ்சமரில் யார் எந்த ஆண்டு எத்தனை ஓட்டம் பெற்றார் என்பதைத் தடுமாற்றமின்றி ஒப்புவிப்பதை ஆசிரியத் தொழிலில் இருந்த எவரும் கண்டிருப்பர். அது வெறும் மனனம் அன்று; இந்தக் கல்லூரி என்னுடையது என்ற உரிமையின் வெளிப்பாடு. குருநகரிலும் நாவாந்துறையிலும் உதைபந்தாட்டம் ஊரின் மூச்சாக இருந்ததும் இவ்வாறே. அந்த உரிமையை இந்நாட்டிலும் எமது பிள்ளைகள் உணர வேண்டாமா?

எந்த உதைபந்தாட்டம்?

முதலில் ஒரு தெளிவு தேவை. அவுஸ்திரேலியாவில் 'ஃபுட்போல்' என்ற ஒரே சொல் நான்கு ஆட்டங்களைக் குறிக்கும். நாம் ஊரில் ஆடியதை இங்கு பலரும் 'சொக்கர்' என்பர். மெல்பேணில் 'ஃபூற்றி' என்றால் அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம். சிட்னியிலோ அச்சொல் பெரும்பாலும் றக்பி லீக்கைக் குறிக்கும். றக்பி யூனியன் நான்காவது வகை. ஆகவே மெல்பேண் பல்கலைக்கழகத்திற்குச் செல்பவரும் சிட்னிப் பல்கலைக்கழகத்திற்குச் செல்பவரும் ஒரே பாடத்தைப் படித்துப் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்களைக் காணப் பல்லாயிரவர் கூடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இங்கு நிலைமை வேறு. பெருங்கூட்டம் தொழில்முறைக் கழகங்களுக்கே உரியது. பல்கலைக்கழக அணிகள் கழக அணிகளாக, சனிக்கிழமைகளில், சில நூறு பேர் முன்னிலையில் ஆடுகின்றன. புதியவருக்கு இது குறையன்று, வாய்ப்பு. ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் உங்கள் பிள்ளையை யாரும் கவனியார். இருநூறு பேர் நிற்கும் இடத்தில் மூன்றாம் வாரமே பெயர் கேட்பர்.

ஆசிரியர்கள் பெற்ற ஆட்டம்

1858ஆம் ஆண்டு ஓகஸ்ற் 7ஆம் நாள், இன்றைய எம்.சி.ஜி. அரங்கிற்கு அருகிலுள்ள பூங்காவில் ஸ்கொச் கல்லூரியும் மெல்பேண் கிறமர் பாடசாலையும் மோதின. ஒவ்வோர் அணியிலும் நாற்பது பேர். மூன்று நாள்கள் ஆடியும் ஆளுக்கொரு கோலுடன் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. நடுவர் இருவருள் ஒருவர் ரொம் வில்ஸ். மற்றவர் ஜோன் மக்கடம் என்ற இரசாயனவியல் ஆசிரியர். ஸ்கொச் கல்லூரியில் கற்பித்த இவர் பின்னர் மெல்பேண் பல்கலைக்கழகத்திலும் விரிவுரையாற்றினார். கடைகளில் நாம் வாங்கும் மக்கடேமியாக் கொட்டை இவரது பெயரையே தாங்கியுள்ளது. மறு ஆண்டு, 1859 மே மாதத்தில், இவ்வாட்டத்தின் முதல் விதிகள் எழுதப்பட்டன. அவற்றை வகுத்த நால்வருள் ஒருவரான தோமஸ் சிமித்தும் ஸ்கொச் கல்லூரி ஆசிரியரே.

அதே 1859ஆம் ஆண்டையே மெல்பேண் பல்கலைக்கழக உதைபந்தாட்டக் கழகம் தனது பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகின்றது. அப்போது பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு ஆறே ஆண்டுகள். உலகின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகங்களுள் இதுவும் ஒன்று.

ஐம்பத்தொரு தோல்விகள்

1908இல் றிச்மண்ட் கழகத்துடன் சேர்ந்து பல்கலைக்கழக அணியும் விக்ரோறிய உதைபந்தாட்ட லீக்கில் அனுமதிக்கப்பட்டது. இன்றைய ஏ.எப்.எல். போட்டியின் முன்னோடி இந்த லீக்கே. 'மாணவர்கள்' என்பதே அவ்வணியின் பட்டப்பெயர். பல்கலைக்கழக அனுமதித் தகுதி பெற்றவரும் பட்டதாரிகளுமே அதில் ஆடலாம். தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1910இல் பத்து ஆட்டங்களில் வென்றனர்.

பின்னர் காற்று மாறியது. 1911இல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை லீக் அனுமதித்தது. ஏனைய கழகங்கள் பணம் கொடுத்து வீரர்களைச் சேர்த்தன. பல்கலைக்கழகமோ ஊதியமின்றி ஆடுவது என்ற கொள்கையில் உறுதியாக நின்றது. பரீட்சைக் காலத்தில் மாணவருக்குப் பயிற்சிக்கு நேரமில்லை. படிப்பு முடிந்ததும் நல்ல வீரர் தொழிலுக்குச் சென்றுவிடுவார். விளைவு, 1912 முதல் 1914 வரை தொடர்ந்து 51 தோல்விகள். 1913இலும் 1914இலும் ஒரு வெற்றிதானும் இல்லை. அந்த லீக்கின் வரலாற்றில் இதைவிட நீண்ட தோல்வித் தொடர் இன்றுவரை இல்லை. மொத்தம் 126 ஆட்டங்கள், 27 வெற்றிகள், 2 சமநிலைகள், 97 தோல்விகள். 1914ஆம் ஆண்டுப் பருவத்துடன் அணி லீக்கிலிருந்து விலகியது.

இவ்வெண்களை நான் ஏளனத்திற்காக எழுதவில்லை. நாற்பதாவது தோல்விக்குப் பின்னரும் அடுத்த சனிக்கிழமை பதினெட்டுப் பேர் களமிறங்கினர் என்பதைக் கவனியுங்கள். ஆடுவதற்குப் பணம் இல்லை. வெல்வதற்கு வாய்ப்பும் இல்லை. ஆயினும் வந்தனர். இழப்பின் மேல் இழப்பைக் கண்ட எம்மக்களுக்கு இந்தப் பிடிவாதத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை.

அவ்வணியில் ஆடியவர்களுள் இருவரை மட்டும் இங்கு குறிப்பிடுவேன். றோய் பார்க் என்ற மருத்துவ மாணவர், ஒரு வெற்றியும் பெறாத 1913ஆம் ஆண்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட கோல்களை உதைத்தார். பிற்காலத்தில் மருத்துவரான இவர் 1920-21 பருவத்தில் அவுஸ்திரேலியாவுக்காக ஒரேயொரு ரெஸ்ற் துடுப்பாட்டப் போட்டியில் ஆடி, சந்தித்த முதற் பந்திலேயே ஆட்டமிழந்தார். பின்னிக்கொண்டிருந்த அவரது மனைவி கீழே விழுந்த கம்பளிநூலை எடுக்கக் குனிந்த நேரத்தில் கணவரின் ரெஸ்ற் வாழ்க்கை முழுவதும் முடிந்துவிட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகின்றது. மற்றவர் றூபேட் பல்ஃப். 1915 ஏப்ரல் 25ஆம் நாள் கலிப்பொலிக் கரையில் உயிர்துறந்தவர். ஆண்டுதோறும் அன்சாக் தினத்தில் இந்நாடு நினைவுகூரும் அந்த முதல் நாளிலேயே இம்மாணவர் அணியும் தன் வீரரை இழந்தது. போர் ஒரு தலைமுறை மாணவரை எவ்வாறு விழுங்கும் என்பதை அறிந்தவர்கள் நாம்.

அணி அழிந்துவிடவில்லை. ஊதியமின்றி ஆடுவோரின் விக்ரோறிய அமெச்சூர் உதைபந்தாட்டச் சங்கத்தில் 'பிளாக்ஸ்', 'புளூஸ்' என்ற இரு அணிகளாக அது இன்றும் ஆடுகின்றது. பல்கலைக்கழகத்தின் நிறங்களான கறுப்பும் நீலமுமே இப்பெயர்கள். பார்க்விலில் மாணவர் விடுதிகளுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழக மைதானமே இவர்களது தாயகம். பெண்கள் அணியும் உண்டு. எமது மகள்மார் பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டுமென்ற விதி ஏதுமில்லை. கிளேற்றனிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்திற்குச் செல்பவர்கள் அதே சங்கத்தில் ஆடும் 'மொனாஷ் புளூஸ்' அணியைத் தேடிச் செல்லலாம்.

சிட்னியின் கதை

சிட்னிப் பல்கலைக்கழகத்தின் றக்பி யூனியன் கழகம் 1863இல் தோன்றியது. இந்நாட்டின் மிகப் பழைய றக்பிக் கழகமாக அது மதிக்கப்படுகின்றது. நிறங்கள் நீலமும் பொன்னும். 1991இல் உலகக் கிண்ணத்தை வென்ற அவுஸ்திரேலிய அணியின் தலைவர் நிக் ஃபார்-ஜோன்ஸ் இக்கழகத்தில் ஆடியவர், சட்டம் பயின்றவர். சிட்னிக் கழகங்கள் ஆண்டுதோறும் போட்டியிடும் 'ஷூற் கேடயம்' எவரது பெயரால் வந்தது தெரியுமா? 1922இல் மான்லி மைதானத்தில் ஆடியபோது ஏற்பட்ட காயத்தால் இறந்த றொபேட் ஷூற் என்ற சிட்னிப் பல்கலைக்கழக வீரரின் பெயரால். பரிசளிப்பு விழாவில் கைதட்டுவோர் பலருக்கே தெரியாத செய்தி இது.

றக்பி லீக்கிலும் இப்பல்கலைக்கழகத்திற்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1920 முதல் 1937 வரை சிட்னியின் முதற்தரப் போட்டியில் அதன் அணி பங்குபற்றியது. 1926இல் இறுதிப்போட்டி வரை முன்னேறி சவுத் சிட்னியிடம் தோற்றது. 1934க்கும் 1936க்கும் இடையில் தொடர்ச்சியாக 42 ஆட்டங்களில் தோல்வி கண்டது. மெல்பேணின் அண்ணனுக்கு ஏற்ற தம்பி!

இந்த லீக் கழகத்தை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் ஒருவர் எச்.வீ. எவற். பின்னர் நீதியரசராகவும் வெளிவிவகார அமைச்சராகவும் உயர்ந்தவர். 1948 டிசெம்பர் 10ஆம் நாள் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் பரிஸ் நகரில் நிறைவேற்றப்பட்டபோது ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைமை ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் இவரே. துன்புறுத்தலிலிருந்து தப்பி வேறு நாட்டில் தஞ்சம் கோரும் உரிமையை அப்பிரகடனத்தின் 14ஆம் பிரிவு கூறுகின்றது. அந்த உரிமையின் பெயராலேயே எம்மில் பலர் இம்மண்ணில் நிற்கின்றோம்.

பார்க்கத் தெரிந்து பார்ப்பது

வரலாறு அறிந்தவருக்கும் விதி தெரியாவிட்டால் ஆட்டம் வெறும் ஓட்டமும் முட்டலுமாகவே தோன்றும். ஆகவே அடிப்படைகளைச் சுருக்கமாகத் தருகின்றேன்.

அவுஸ்திரேலிய விதி ஆட்டம் நீள்வட்ட மைதானத்தில் நடைபெறும். பக்கத்திற்குப் பதினெட்டுப் பேர். நான்கு கால் பகுதிகள். இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள உயரமான இரு கம்பங்களுக்கிடையே எவரும் தொடாமல் பந்து உதைக்கப்பட்டால் 'கோல்', ஆறு புள்ளிகள். உயரக் கம்பத்திற்கும் பக்கக் கம்பத்திற்கும் இடையே சென்றால் 'பிஹைண்ட்', ஒரு புள்ளி. பலகையில் 12.8 (80) என்றிருந்தால் பன்னிரண்டு கோல், எட்டு பிஹைண்ட், மொத்தம் எண்பது என்று பொருள். பதினைந்து மீற்றருக்குக் குறையாமல் உதைக்கப்பட்ட பந்தை நிலத்திலோ பிறர் மேலோ படுமுன் பற்றினால் அது 'மார்க்'. பற்றியவர் இடையூறின்றி உதைக்கலாம். பந்தைக் கையால் எறியக்கூடாது. ஒரு கையில் வைத்து மறுகை முட்டியால் குத்தியே கொடுக்க வேண்டும். 'ஓஃப்சைட்' விதி இல்லை.

றக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீச முடியாது. பின்னோக்கியே கொடுக்க வேண்டும். யூனியனில் பதினைந்து பேர், 'ட்ரை' ஒன்றுக்கு ஐந்து புள்ளி. லீக்கில் பதின்மூன்று பேர், ட்ரைக்கு நான்கு புள்ளி. ஆறு தடவை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குச் செல்லும். இவ்வளவு தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும்.

சொல்லொன்றிலும் கவனம் வேண்டும். அணியொன்றை ஆதரிப்பதை இந்நாட்டில் 'பராக்' செய்வது என்பர். அமெரிக்கப் படங்களில் கேட்ட 'ரூட்' என்ற சொல்லை இங்கு கையாண்டால், அது சபையில் சொல்லத்தகாத பொருளைத் தரும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இதனை உறுதிப்படுத்துவர்.

எவ்வாறு தொடங்குவது?

பதினோராம் வகுப்பிலேயே தொடங்கலாம். பருவகாலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்கினால் படிப்புக் கெடாது. பெருங்கழகங்களின் ஆட்டங்களுக்குப்போல் பெருந்தொகை கொடுத்து ரிக்கற் வாங்கவும் தேவையில்லை. தந்தையோ தாயோ உடன் செல்வது நன்று. பல்கலைக்கழக வளாகத்தைப் பிள்ளை முதன்முதலாகப் பரீட்சைப் பயத்துடன் காணாமல், ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சியுடன் காணட்டும்.

முதல் ஆட்டத்தில் ஒரு வீரரை மட்டும் தெரிந்தெடுத்து அவரையே கண்ணால் பின்தொடரச் சொல்லுங்கள். இரண்டாவதில் புள்ளிகளைத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதில் அருகில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். "அந்த நடுவர் ஏன் ஊதினார்?" என்ற ஒரு கேள்வி போதும், இந்நாட்டவர் பலர் அதற்கு அரைமணி நேரம் விடை சொல்வர். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உரையாடல் வகுப்பு எங்குண்டு? சேர்ந்தபின் ஆடத்தான் வேண்டுமென்பதில்லை. புள்ளிப்பலகை மாற்றுவதற்கும், தண்ணீர் கொண்டு ஓடுவதற்கும், கணக்கு எழுதுவதற்கும், தேநீர்ச் சாலையில் உதவுவதற்கும் இக்கழகங்களுக்கு எப்போதும் ஆள் தேவை.

திறந்திருக்கும் வாயில்

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் எழுதாமல் விட முடியாது. எம் பிள்ளைகள் எல்லோருக்கும் பல்கலைக்கழக வாயில் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்கள் நிரந்தர வதிவிடத்திற்கு விண்ணப்பிக்கும் வழியை 2023 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தது. பலருக்கு அதனால் விடிவு பிறந்தது. ஆனால் 'பிரிட்ஜிங்' விசாவில் காலந்தள்ளும் குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாட்டு மாணவருக்குரிய பெருங்கட்டணத்தையே செலுத்த வேண்டியவர்கள். அரசின் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடையாது. தஞ்சம் கோரியோருக்கெனச் சில பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில்கள் வழங்குகின்றன. அவற்றைப் பாடசாலை ஆலோசகர் மூலம் காலம் தாழ்த்தாது விசாரித்தறிவது பெற்றோர் கடமை.

அப்புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, தன் எதிர்காலத்தை ஒரு கடிதத்தின் வரவில் தொங்கவிட்டுக் காத்திருக்கின்றது. அந்தக் காத்திருப்பில், "இந்த இடம் எனக்குரியதன்று" என்ற எண்ணம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்துவிடுகின்றது. கடிதம் நல்ல செய்தியுடன் வந்தாலும் அவ்வெண்ணம் எளிதில் வெளியேறுவதில்லை. மைதானத்தின் எல்லைக்கோட்டில் நிற்பவரிடம் எவரும் விசா கேட்பதில்லை. எத்தனை புள்ளி பெற்றாய் என்றும் கேட்பதில்லை. யார் பக்கம் என்று மட்டுமே கேட்கின்றனர். அதற்கு ஒரு சொல்லில் விடை கூறவும், அந்த விடைக்குப் பின்னால் 1859ஐயும், ஐம்பத்தொரு தோல்விகளையும், கலிப்பொலியில் வீழ்ந்த இளைஞனையும் அறிந்திருக்கவும் எம் பிள்ளைக்கு முடியுமாயின், அது அங்கு விருந்தாளியாக நிற்கவில்லை.

பெற்றோரே, ஊரில் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பற்றை நாம் கற்பிக்கவில்லை. அது காற்றில் இருந்தது. இங்கு அதனை நாமே கைப்பிடித்துக் காட்ட வேண்டியுள்ளது. வரும் பருவத்தில் ஒரு சனிக்கிழமையையாவது இதற்கென ஒதுக்குங்கள். மழைக் குடையையும் வெந்நீர்ப் போத்தலில் தேநீரையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். மெல்பேண் வானத்தை நம்ப முடியாது.